மோட்டார் வண்டியில் எண்ணெய் ஒழுக்கு

பழைய மோட்டார் வண்டி வைத்திருப்பவர்களுக்கு, வண்டி நின்ற இடத்தில் தரையில் கறுப்பாக ஒரு வட்டம் தோன்றுவது புதிய காட்சியன்று. சிலர் அதைப் பார்த்துப் பழகிவிடுகிறார்கள். வயதான வண்டி சிறிது ஒழுகத்தான் செய்யும் என்று தம்மைத் தாமே தேற்றிக்கொண்டு, அந்த இடத்தில் ஒரு பழைய சாக்கை விரித்துவிடுகிறார்கள். வேறு சிலர் கறையைக் கண்டவுடன் பட்டறைக்கு ஓடி, எஞ்சினின் அடித்தட்டில் இருக்கும் பேக்கிங்கை மாற்றும்படி சொல்லிவிடுகிறார்கள். முதல் வகையினருக்கு எஞ்சின் பாழாகிறது. இரண்டாம் வகையினருக்குப் பல வேளைகளில் பணம் வீணாகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே, ஒழுக்கின் காரணத்தை அறிந்து அதை நீக்கும் வழி ஒன்று உண்டு. அதைப் பற்றிச் சிறிது விரிவாகப் பார்ப்போம்.

எடுத்துக்காட்டாக, நம் நாட்டுச் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய அம்பாஸடர் வண்டியையே எடுத்துக்கொள்ளலாம். பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியை மூலமாகக் கொண்டு, வங்காளத்து உத்தரபாராவில் 1950-களின் பிற்பகுதியிலிருந்து 2014 வரை அது தயாராயிற்று. உற்பத்தி நின்றுபோன பின்பும், அதைப் பேணி வைத்திருப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். அவ்வண்டிகளில் நெடுங்காலம் பொருத்தப்பட்டு வந்தது 1489 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் எஞ்சின். பிற்காலத்தில் வந்த இசுசு எஞ்சின் வேறு அமைப்புடையது. ஆகவே நாம் பேசுவது பழைய எஞ்சினைப் பற்றியே என்பதை நேயர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

ஒரு துளி எண்ணெய்தானே என்று நாம் எண்ணுகிறோம். சிறிது கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஏறக்குறைய முப்பது துளி சேர்ந்தால் ஒரு மில்லிலிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். நிமிடத்துக்கு ஒரு துளி வீதம் சொட்டினால் மணிக்கு இரண்டு மில்லிலிட்டர். நாளொன்றுக்கு 48 மில்லிலிட்டர். முப்பது நாளில் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர். இந்த எஞ்சினில் இருக்கும் மொத்த எண்ணெயே சுமார் 4 லிட்டர்தான். வண்டி ஓடும்போது எண்ணெய் சூடேறி நீர்த்துப்போவதால் ஒழுக்கு இன்னும் மிகுதியாகும். அளவுகோலை எடுத்துப் பாராமல் ஒரு மாதம் ஓட்டுகிறவர் எத்தகைய அபாயத்தில் ஓட்டுகிறார் என்பது இதிலிருந்தே விளங்கும்.

எண்ணெய் குறைந்தால் நேர்வது என்ன? கிராங்குத் தண்டு சுழலும் பேரிங்குகளில் உலோகத்தை உலோகம் தொடாதபடி காப்பது, மயிரிழையினும் மெல்லிய ஓர் எண்ணெய்ப் படலமே. அடித்தட்டில் எண்ணெய் குறைந்துவிட்டால், வண்டி வளைவில் திரும்பும்போதோ மேட்டில் ஏறும்போதோ எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கும். பம்பு எண்ணெய்க்குப் பதிலாகக் காற்றை உறிஞ்சும். அந்தச் சில விநாடிகளிலேயே படலம் அறுந்து, பேரிங்குகள் தேயத் தொடங்குகின்றன. ஓட்டுகிறவர் முன்னே எரியும் சிவப்பு விளக்கு, தீங்கு வந்துவிட்டது என்பதற்கு அடையாளமேயன்றி, வரப்போகிறது என்பதற்கு அன்று. அந்த விளக்கு எரிந்தால் அடுத்த பட்டறை வரை ஓட்டலாம் என்று எண்ணாமல், அந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்த வேண்டும். ஒரு பேக்கிங்கின் விலை அற்பம்; கிராங்குத் தண்டைக் கடைந்து புதிய பேரிங்கு போடும் செலவோ, வாடகை வண்டி ஓட்டிப் பிழைக்கும் ஒருவரின் பல நாள் வருமானத்தை விழுங்கிவிடும்.

வண்டிக்கு வெளியேயும் கேடு உண்டு. சாலையில் சிந்தும் எண்ணெயின் மீது முதல் தூறல் விழும்போது, பின்னால் இரு சக்கர வண்டியில் வருகிறவர் சறுக்கி விழுகிறார். சூடான புகைக்குழாயின் மீது எண்ணெய் சொட்டினால் புகையும், தீப்பற்றவும் கூடும். கிளட்சுத் தகட்டில் எண்ணெய் பட்டால், எஞ்சின் சுழன்றாலும் வண்டி இழுக்காது.

இனி, அந்த அடித்தட்டின் அமைப்பைப் பார்ப்போம். எஞ்சினின் வயிற்றுக்குக் கீழே, தகட்டை அழுத்திச் செய்த ஆழமான ஒரு தட்டு இருக்கிறது. இதைப் பட்டறைகளில் 'சம்ப்' என்கிறார்கள். எஞ்சின் எண்ணெய் முழுவதும் வந்து தங்கும் குளம் இதுவே. சம்பின் விளிம்புக்கும் எஞ்சினின் அடிப்பாகத்துக்கும் இடையே வைக்கப்படும் மெத்தை போன்ற பட்டையே பேக்கிங் அல்லது கேஸ்கெட். இந்த எஞ்சினில் இரு பக்கங்களிலும் நீண்ட தக்கைப் பட்டைகளும், முன்னும் பின்னும் பேரிங்கு மூடிகளின் பள்ளத்தில் வளைந்து உட்காரும் தக்கைத் துண்டுகளும் சேர்ந்து அந்த வாயை அடைக்கின்றன.

தக்கையை இவ்வேலைக்குத் தேர்ந்தெடுத்தது பொருத்தமானதே. போர்ச்சுகல், ஸ்பெயின் முதலிய நாடுகளில் வளரும் ஒருவகை ஓக் மரத்தின் பட்டை அது. ஒன்பது ஆண்டுகளுக்கு ஒரு முறை மரத்தை வெட்டாமலே பட்டையை மட்டும் உரித்தெடுக்கிறார்கள். அதன் உள்ளே, கண்ணுக்குத் தெரியாத நுண்ணறைகளில் காற்று அடைபட்டிருக்கிறது. ரப்பர்த் துண்டை அழுத்தினால் அது பக்கவாட்டில் பிதுங்கும். தக்கையோ தன் காற்றறைகளுக்குள்ளேயே ஒடுங்கிக்கொண்டு, பக்கத்தில் பெரும்பாலும் பிதுங்குவதில்லை. அழுத்தம் நீங்கினால் மறுபடியும் எழ முயல்கிறது. அந்த எழுச்சிதான் தகட்டின் சிறு மேடுபள்ளங்களை நிரப்பி எண்ணெயைத் தடுக்கிறது.

இங்கே ஓர் உண்மையை ஊன்றிக் கவனிக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது, பம்பிலிருந்து பேரிங்குகளுக்குச் செல்லும் எண்ணெயில் சதுர அங்குலத்துக்குச் சுமார் 50 பவுண்டு அழுத்தம் இருக்கும். ஆனால் சம்பில் கிடக்கும் எண்ணெயில் அத்தகைய அழுத்தம் எதுவும் இல்லை. குடத்தில் நீர் கிடப்பதுபோல அது தன் கனத்தால் மட்டுமே கிடக்கிறது. எனவே சம்பின் பேக்கிங், பெரும் விசையை எதிர்த்துப் போராடும் அணையன்று. ஒரு குளத்தின் கரையேயாகும். கரைக்கு வேண்டியது எங்கும் ஒரே உயரம். ஓரிடத்தில் மட்டும் வலு மிகுந்திருப்பதால் பயனில்லை. இதை மறப்பதால்தான் ஒழுகும் இடத்தில் போல்ட்டை மேன்மேலும் இறுக்கும் வழக்கம் வந்தது. இறுக்க இறுக்க, போல்ட்டுத் துளையைச் சுற்றியுள்ள தகடு மேல்நோக்கிக் குழிகிறது. தக்கை அங்கே நசுங்கிப் பிளக்கிறது. இரு போல்ட்டுகளுக்கு இடையிலுள்ள பகுதி தளர்ந்து வாய் திறக்கிறது. ஒழுக்கை அடைக்கச் செய்த செயலே ஒழுக்கைப் பெருக்கிவிடுகிறது.

அப்படியானால், எண்ணெய்க் கறை கண்டவுடன் சம்பைக் கழற்றிவிடலாமா? கூடாது. எண்ணெய் கீழ்நோக்கி ஓடும் இயல்புடையது. ஓடும் வண்டியின் காற்று அதைப் பின்னோக்கியும் தள்ளும். எஞ்சினில் எங்கே ஒழுக்கு ஏற்பட்டாலும், அது கடைசியில் வந்து தொங்கிச் சொட்டும் இடம் சம்பின் விளிம்புதான். கூரையில் ஓடு உடைந்தது ஓரிடமாகவும், கூடத்தில் சொட்டுவது வேறிடமாகவும் இருப்பதை நாம் மழைக்காலத்தில் காண்பதில்லையா? அதைப் போன்றதே இதுவும்.

இந்த எஞ்சினில் ஐயத்துக்குரிய இடங்கள் சில உண்டு. தலைமேல் இருக்கும் ராக்கர் மூடியின் தக்கைப் பேக்கிங் ஒன்று. எஞ்சினின் பக்கவாட்டில் இருக்கும் இரண்டு டாப்பெட் மூடிகளின் பேக்கிங் மற்றொன்று. இவை கசிந்தால் எண்ணெய் நேரே வழிந்து சம்பின் விளிம்பில் வந்து நிற்கும். சம்பு ஒழுகுகிறது என்று பழி சுமத்தப்படும் பல வண்டிகளில் குற்றவாளி இந்தப் பக்க மூடிதான். எண்ணெய் வடிகட்டியின் வளையமும், முன்புறத்தில் டைமிங் மூடியும் ஐயத்துக்குரியவையே.

எல்லாவற்றினும் அதிகம் ஏமாற்றுவது பின்புறம். கிராங்குத் தண்டின் பின்முனையில், இவ்வகைப் பழைய எஞ்சின்களில் ரப்பர் வளையம் கிடையாது. தண்டின் மேல் திருகு மரைபோல் ஒரு பள்ளம் வெட்டப்பட்டிருக்கிறது. தண்டு சுழலும்போது அந்தப் பள்ளம் வெளியே வரும் எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்புகிறது. சுழற்சி நின்றதும் அந்தத் தடுப்பும் நின்றுவிடும். ஆகவே வண்டியைச் சரிவில் நிறுத்தினால் அங்கே ஓரிரு துளி விழுவது இயல்பே. எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவிலுள்ள கிளட்சுக் கூண்டின் அடித்துளையிலிருந்து எண்ணெய் சொட்டினால், சம்பின் பேக்கிங்கை எத்தனை முறை மாற்றினாலும் அது நிற்காது. அந்தத் துளைதான் உண்மையைச் சொல்லும் சாட்சி.

ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்கும் முறை மிக எளிது. எஞ்சின் ஆறிய பிறகு, மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு எஞ்சினின் பக்கங்களையும் சம்பையும் அழுக்கின்றிக் கழுவித் துணியால் உலரத் துடைக்க வேண்டும். பெட்ரோலால் கழுவுதல் அறவே கூடாது. பிறகு ஐயத்துக்குரிய இடங்களில் முகத்துக்குப் பூசும் பவுடரை மெல்லத் தூவ வேண்டும். எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, விளக்கைக் காட்டி மேலிருந்து கீழாகப் பார்க்க வேண்டும். வெள்ளைப் பொடியில் எந்த இடம் முதலில் நனைந்திருக்கிறதோ அதுவே ஊற்றுக்கண். அதற்குக் கீழே நனைந்தவை அனைத்தும் வழிந்து வந்தவை.

இன்னொரு காரணத்தையும் மறக்கலாகாது. பிஸ்டன்களைத் தாண்டிச் சிறிதளவு வாயு எப்போதும் எஞ்சினின் அடிவயிற்றுக்குள் கசிகிறது. அது வெளியேறுவதற்கென்று ஒரு மூச்சுக்குழாய் உண்டு. அந்தக் குழாய் அழுக்கால் அடைபட்டால் வாயு உள்ளேயே தேங்கி, அழுத்தமே இல்லாதிருந்த சம்பில் அழுத்தத்தை உண்டாக்கும். பிறகு எண்ணெய் கிடைத்த இடுக்கில் எல்லாம் புறப்படும். ஆகவே பேக்கிங்கை வாங்கும் முன்பு மூச்சுக்குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்து பார்ப்பது அறிவுடைமை. அந்தச் சிறு வேலையாலேயே ஒழுக்கு நின்றுபோன வண்டிகள் உண்டு.

இவற்றையெல்லாம் ஆராய்ந்த பின்பும் சம்பின் பேக்கிங்தான் காரணம் என்று உறுதியானால், வேலையைத் தொடங்கலாம். அதற்கு முன்பு ஓர் எச்சரிக்கை. ஜாக்கி என்பது வண்டியைத் தூக்குவதற்கே அன்றித் தாங்குவதற்கு அன்று. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் கீழே படுத்து உயிரிழந்தவர்கள் உண்டு. சமதரையில் வண்டியை நிறுத்தி, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, முன்பக்கத்தைத் தூக்கி, இரு புறமும் உறுதியான இரும்புத் தாங்கிகளை நிறுத்தி, வண்டியின் கனத்தை அவற்றின் மேல் இறக்க வேண்டும். பிறகு வண்டியைக் கையால் அசைத்துப் பார்த்து, அசையவில்லை என்று கண்ட பின்பே கீழே செல்ல வேண்டும். செங்கல்லை அடுக்கி அதன்மேல் வண்டியை நிறுத்துவது தற்கொலைக்கு ஒப்பானது. பாட்டரியின் ஒரு முனையையும் கழற்றிவிடுக.

எண்ணெய் இளஞ்சூடாக இருக்கும்போது அடைப்பு போல்ட்டைத் திறந்து முழுவதும் வடியவிட வேண்டும். கொதிக்கும் சூட்டில் திறந்தால் கை வெந்துவிடும். வடிந்த எண்ணெயைச் சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டாமல் தகரத்தில் சேர்த்து, பழைய எண்ணெய் வாங்குவோரிடம் சேர்ப்பிக்க வேண்டும். அது நீரையும் நிலத்தையும் கெடுக்கும், தோலுக்கும் ஆகாது. கையை உடனுக்குடன் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ள வேண்டும்.

சுற்றிலுமுள்ள போல்ட்டுகளைச் சிறிது சிறிதாகத் தளர்த்திக் கழற்ற வேண்டும். இவை கால் அங்குல போல்ட்டுகள். பதினாறில் ஏழு அங்குல, அதாவது 7/16 ஸ்பானர் பொருந்தும். இரு மூலைகளில் ஒவ்வொன்றைக் கடைசிவரை விட்டுவைத்தால் சம்பு திடீரென்று விழாது. ஒட்டிக்கொண்டிருந்தால் மரச்சுத்தியலால் பக்கத்தில் தட்ட வேண்டும். உளியையோ திருப்புளியையோ இடுக்கில் செருகி நெம்பினால், தகடு வளைந்து புதிய ஒழுக்குக்கு வழியாகும். உள்ளே பம்பின் உறிஞ்சுகுழாயும் வலையும் தொங்குவதால், சம்பைச் சற்றுச் சாய்த்து அவற்றில் இடிக்காமல் இறக்க வேண்டும்.

இறக்கிய சம்பின் அடியில் படிந்திருக்கும் கசடே எஞ்சினின் உடல்நிலையைச் சொல்லும். கறுப்புச் சேறு மட்டும் இருந்தால் எண்ணெய் காலத்தில் மாற்றப்படவில்லை என்று பொருள். மின்னும் உலோகத் துகள்கள் தென்பட்டால் பேரிங்குகளை உடனே சோதிக்க வேண்டும். அந்நிலையில் பேக்கிங்கை மட்டும் மாற்றி மூடுவது நோயை மூடிவைப்பதாகும். உறிஞ்சுவலையையும் மண்ணெண்ணெயில் கழுவிவிடுக.

அடுத்து வருவதே வேலையின் உயிர்நாடி. பழைய தக்கையின் ஒட்டல் ஒரு பொட்டுக்கூட மிஞ்சாமல் இரு விளிம்புகளையும் மொண்ணைக் கத்தியால் சுரண்ட வேண்டும். சுரண்டிய தூள் எஞ்சினுக்குள் விழாதபடி துணியால் மறைத்துக்கொள்க. வேலை முடிந்ததும் அத்துணியை எடுக்க மறவாதீர். பின்பு சம்பின் விளிம்பில் ஒரு நேர்க்கோலை வைத்துப் பார்த்தால், போல்ட்டுத் துளைகளைச் சுற்றித் தகடு மேலெழுந்திருப்பது தெரியும். சமமான கனத்த கட்டையின் மீது விளிம்பை வைத்து, எழுந்த இடங்களைச் சுத்தியலால் மெல்லத் தட்டிச் சமப்படுத்த வேண்டும். புதிய பேக்கிங் போட்டும் ஒரே மாதத்தில் மறுபடி ஒழுகுகிறது என்று குறைகூறுவோர் பலரிடத்தில், இந்த ஒரு வேலைதான் செய்யப்படாமல் விடப்பட்டிருக்கும்.

கடையில் நெடுநாள் கிடந்த தக்கைப் பேக்கிங் உலர்ந்து குறுகியிருக்கும். அதன் துளைகள் போல்ட்டுத் துளைகளோடு பொருந்தமாட்டா. அதை இழுத்துப் பொருத்த முயன்றால் ஒடிந்துவிடும். சிறிது நேரம் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்தால் மறுபடி அளவுக்கு வந்துவிடும். பேக்கிங்கைச் சிறிதளவு ஒட்டுப்பசை கொண்டு எஞ்சின் பக்கத்தில் ஒட்டிவைத்தால் நழுவாது. முன்னும் பின்னும் வளைந்த துண்டுகளைப் பள்ளத்தில் அழுத்தி, அவற்றின் முனைகள் பக்கப் பட்டைகளைச் சந்திக்கும் நான்கு மூலைகளிலும் ஒரு துளி பசை வைக்க வேண்டும். அந்த மூலைகளே இந்த அமைப்பின் பலவீனமான இடங்கள். பசை மிகுந்தால் நல்லது என்று எண்ணி அள்ளிப் பூசுதல் தவறு. உள்ளே பிதுங்கிய பசை இறுகி உதிர்ந்து, உறிஞ்சுவலையை அடைத்து, எஞ்சினுக்கு எண்ணெய் கிடைக்காமல் செய்துவிடும்.

சம்பை ஏற்றியதும் எல்லா போல்ட்டுகளையும் முதலில் கைவிரலாலேயே திருகிப் பொருத்த வேண்டும். பிறகு நடுவிலிருந்து தொடங்கி, எதிரெதிர்ப் பக்கமாக மாறிமாறி, முனைகளை நோக்கிச் செல்ல வேண்டும். ஒரே சுற்றில் முடிக்காமல் மூன்று சுற்றில் முடிக்க வேண்டும். மிருதங்கத்தைச் சுருதி சேர்ப்பவர் ஒரே பக்கத்தைத் தட்டிக்கொண்டிராமல் சுற்றிச்சுற்றி வந்து எல்லாக் கண்ணையும் ஒரே நாதத்துக்குக் கொண்டுவருகிறார் அல்லவா? அந்தப் பொறுமை இங்கும் வேண்டும்.

எவ்வளவு இறுக்க வேண்டும்? இந்த போல்ட்டுகளுக்குச் சொல்லப்பட்ட அளவு 6 அடி-பவுண்டு. அதாவது, ஓரடி நீளமுள்ள ஸ்பானரின் நுனியில் ஆறு பவுண்டு, ஏறத்தாழ 2.7 கிலோ, எடையைத் தொங்கவிட்டால் உண்டாகும் விசை. ஒரு சிறு குழந்தையைத் தூக்கும் பலம்கூட அதற்கு வேண்டியதில்லை. சாதாரண ஸ்பானரைப் பிடித்துக் கைவலுவை முழுவதும் காட்டினால், இந்த அளவைப் போல் இரண்டு மூன்று மடங்கு விசை எளிதில் வந்துவிடும். அளவு காட்டும் டார்க் ஸ்பானர் கிடைத்தால் அதையே பயன்படுத்துக. கிடைக்காதபோது, ஸ்பானரின் தலைக்கு அருகில் பிடித்து, தக்கை மெல்ல ஒடுங்கிப் போல்ட்டு உறுதியாக நின்றதும் நிறுத்திக்கொள்க.

அடைப்பு போல்ட்டின் செப்பு வாஷரைப் புதிதாக மாற்றிப் பூட்டி, எண்ணெய் ஊற்றி, அளவுகோலைப் பார்த்த பின் எஞ்சினை ஓட்டலாம். சிவப்பு விளக்கு சில விநாடிகளில் அணைய வேண்டும். அணையாவிடில் உடனே நிறுத்துக. பத்து நிமிடம் ஓடிய பின் சம்பின் விளிம்பைச் சுற்றி வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். தக்கை சற்று அமர்ந்துபோவது இயல்பு. ஆகவே சில நாள் ஓட்டிய பின்பு போல்ட்டுகளை ஒருமுறை சோதித்து, தளர்ந்தவற்றை மட்டும் முன் சொன்ன அளவுக்கே கொண்டுவருக. அதற்குப் பிறகு அவற்றைத் தொட வேண்டியதில்லை.

ஒரு நாளைக்குள் முடிந்துவிடும் இந்த வேலையில், பேக்கிங்கை வைக்கும் நேரம் சில நிமிடங்களே. மிகுதி நேரம் முழுவதும் கழுவுவதிலும், தேடுவதிலும், சுரண்டுவதிலும், சமப்படுத்துவதிலும் செல்கிறது. பட்டறையில் வேலையை ஒப்படைப்பவர்களும் இதைத் தெரிந்திருப்பது நல்லது. ஊற்றுக்கண் எது என்று பார்த்தீர்களா, மூச்சுக்குழாய் திறந்திருக்கிறதா, சம்பின் விளிம்பைச் சமப்படுத்தினீர்களா என்று மூன்று கேள்விகளை மரியாதையாகக் கேட்டால், நல்ல வேலைக்காரர் மகிழ்ந்து விடை சொல்வார். எண்ணெய் அளவைப் பார்க்கும் கோலை வாரம் ஒரு முறையேனும் எடுத்துப் பார்க்கும் பழக்கமும் அதோடு சேர்ந்துவிட்டால், பழைய வண்டி இன்னும் பல ஆண்டுகள் நம்மை ஏற்றிச் செல்லும்.